இளஞ்சிவப்பு விமானமும் ஸ்பானியத் தொப்பியும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சிறிய விமான நிலையங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத்தில் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலப்பச்சை நிறங்களில் விடுமுறை விமானங்கள் வரிசையாக நின்ற காட்சியை இரண்டே வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். நீண்ட பதில்களுக்குக்கூட வராத அளவுக்கு அந்த இரண்டு வரிகளுக்குக் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்த விமானங்களுக்கே ஒதுக்கிவிட்டேன். எனக்கும் மனதுக்கு மிக நெருக்கமான பொருள் இது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: விமானம் என்றால் வெள்ளை உடலும் வாலில் ஒரு சின்னமும் என்றுதான் பார்த்துப் பழகியிருக்கிறோம். முழு விமானத்துக்கும் இளஞ்சிவப்பு பூச வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? ஏன் தோன்றியது?
(வாசகர், ஈஸ்ட்ஹாம்)

பதில்: அந்த விமானங்கள் கோர்ட் லைன் நிறுவனத்துக்குரியவை. ஆட்டேர் என்ற பெயரில் லூட்டனில் இயங்கிவந்த விமான நிறுவனம் அது. கோர்ட் லைன் என்னும் கப்பல் நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகு, 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய் நிறுவனத்தின் பெயரையே சூடிக்கொண்டது. பெயர் மாறிய கையோடு தோற்றமும் மாறியது. பீட்டர் மர்டாக் என்ற வடிவமைப்பாளர் அதற்குப் புதிய வண்ணத் திட்டத்தை வகுத்தார். காகித அட்டையை மடித்துச் செய்யும் நாற்காலியால் 1960களில் பெயர் பெற்றவர் அவர். எல்லா விமானங்களுக்கும் ஒரே நிறம் என்ற வழக்கத்தை அவருடைய திட்டம் கைவிட்டது. ஒரு விமானம் இளஞ்சிவப்புக் குடும்பம், அடுத்தது ஆரஞ்சுக் குடும்பம், மற்றொன்று நீலப்பச்சை, வேறொன்று ஊதா. ஒரே நிறத்தின் மென்மையான சாயலும் அழுத்தமான சாயலும் ஒன்றையடுத்து ஒன்றாக உடல் முழுவதும் ஓடும்.

பணிப்பெண்களின் உடையும் இதே மனப்போக்கில் அமைந்தது. குட்டைப் பாவாடையைப் பரவலாக்கிய மேரி குவான்ட் அதை வடிவமைத்தார். விமானங்களுக்கு இட்ட பெயர்களும் கவனிக்கத்தக்கவை. ஒவ்வொன்றின் பெயரும் 'ஹால்சியன்' என்ற சொல்லில் தொடங்கும். கிரேக்கக் கதைகளில் வரும், மீன்கொத்தி என்று கருதப்படும் பறவைக்கு அந்தப் பெயர்; அது கடலில் முட்டையிட்டு அடைகாக்கும் நாள்களில் காற்றும் அலையும் அடங்கியிருக்கும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. நம் ஊரில் வயற்கரையில் மின்கம்பியின் மேல் அமர்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியின் அறிவியல் பெயரும் இதே சொல்லில்தான் தொடங்குகிறது என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பறவையின் முதுகில் வெயில் பட்டுத் தெறிக்கும் நீலத்தைப் பார்த்தவர்களுக்கு, நீலப்பச்சை நிறத்தில் ஒரு விமானம் மழைக்கால வானிலிருந்து இறங்கும் காட்சியை நான் தனியாக விவரிக்கத் தேவையில்லை.

ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். அரசு விமான நிறுவனங்களின் கருநீலமும் வெள்ளையும், அதிகாரி, மருத்துவர், வணிகர் ஆகியோர் அலுவல் நிமித்தமாக ஏறும் வாகனம் என்ற எண்ணத்தையே பார்ப்பவர் மனதில் பதித்தன. கோர்ட் லைன் சுமந்து சென்றவர்களோ ஆண்டில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பலர் வாழ்க்கையில் முதன்முறையாக, மத்தியதரைக் கடலோரத்துக்குப் புறப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள். விமானத்தில் ஏறும் படிக்கட்டிலேயே அவர்களுக்கு விடுமுறை தொடங்கிவிட வேண்டும் என்ற வணிகக் கணக்கிலிருந்து பிறந்த நிறங்கள் அவை. வணிகக் கணக்குதான் என்றாலும், இந்த விமானம் உங்களுக்காக வந்திருக்கிறது என்று ஒரு பஸ் ஓட்டுநருக்கும் அவர் மனைவிக்கும் எந்தச் சொல்லும் இல்லாமல் உணர்த்திய வேறொரு விளம்பரத்தை நான் கண்டதில்லை.

கேள்வி: ஹீத்ரோ இருக்கும்போது இவை ஏன் லூட்டனுக்குப் போயின?
(வாசகி, மில்டன் கீன்ஸ்)

பதில்: இடமும் செலவும் காரணம். ஹீத்ரோவில் நேர அட்டவணைப்படி பறக்கும் பெரிய நிறுவனங்களுக்கே முதலிடம். ஒரு சுற்றுலா நிறுவனம் முழு விமானத்தையும் வாடகைக்குப் பேசி எடுக்கும் சார்ட்டர் விமானத்துக்கு, இறங்கும் கட்டணம் குறைவாகவும் நள்ளிரவிலும் கதவு திறந்தும் இருக்கிற இடம் தேவைப்பட்டது. லூட்டன் விமான நிலையம் 1938இல் திறக்கப்பட்ட நாளிலிருந்து நகராட்சியின் உடைமை. வருமானம் வேண்டி நின்ற நகராட்சி இந்த நிறுவனங்களை இரு கைகளாலும் வரவேற்றது. பிற்காலத்தில் பிரிட்டானியா ஏர்வேஸ் என்று பெயர் மாறிய யூராவியா, 1962இல் அங்கிருந்துதான் கான்ஸ்டெலேஷன் விமானங்களைக் கொண்டு பறக்கத் தொடங்கியது. 1968 ஏப்ரலில் மோனார்க் நிறுவனத்தின் முதல் விமானம் அங்கிருந்து மாட்ரிட்டுக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் முதல் போயிங் 737 சேவையை பிரிட்டானியா தொடங்கியது. ஒரே ஓடுபாதை கொண்ட ஒரு மேட்டு நிலத்தில், சில ஆண்டுகளுக்குள் நாட்டின் விடுமுறை விமானத் தொழிலே குடியேறிவிட்டது.

மேட்டு நிலம் என்று நான் சொன்னது வெறும் வருணனை அன்று. நகரத்துக்கு மேலே சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் அந்த நிலையம் இருக்கிறது. அடிவாரத்தில் அப்போது வாக்ஸ்ஹால் கார்த் தொழிற்சாலை இருந்தது. இலையுதிர்காலக் காலைகளில் கீழே நகரம் தெளிவாகத் தெரிய, மேலே ஓடுபாதை மூடுபனிக்குள் காணாமல் போயிருக்கும்; அப்படிப்பட்ட நாள்களில் வேறு நிலையங்களில் இறங்கியவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

இரவைப் பற்றியும் ஒரு சொல். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம் என்பது சார்ட்டர் தொழிலின் பாலபாடம். பகலில் இரண்டு முறை ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் போய்வந்த விமானம் நள்ளிரவில் மூன்றாம் முறையும் புறப்படும். அந்த நேரத்து இருக்கை விலையும் குறைவு. கோர்ட் லைனின் ஒன்-லெவன் என்ற ஜெட் விமானம் எழும்பும்போது குன்றின் சரிவில் உள்ள வீடுகளின் கண்ணாடிச் சன்னல்கள் அதிரும். பகலில் அதன் நிறத்தைக் கண்டு மகிழ்ந்த அதே மக்கள் இரவில் அதன் ஓசையைப் பொறுக்க முடியாமல் மனு எழுதினார்கள். அவர்களுடைய வருத்தம் முற்றிலும் நியாயமானது.

கேள்வி: முன் இருக்கையின் முதுகுக்குள் சாப்பாட்டை வைத்திருப்பார்கள் என்று என் மாமனார் சொல்வார். நாங்கள் நம்பவில்லை. உண்மையா?
(வாசகி, ஸ்லவ்)

பதில்: முழு உண்மை, உங்கள் மாமனாரிடம் வீட்டார் அனைவரும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சமையலறை இருக்கும் இடத்தில் மேலும் சில இருக்கைகளைப் பொருத்தினால் ஒவ்வொரு பயணத்திலும் கூடுதல் வருமானம் கிடைக்கும். ஒன்-லெவனின் உடலுக்குள் 119 பேரை அமர்த்திய கோர்ட் லைன் கண்ட வழி இது: முன் இருக்கையின் முதுகில், பயணியின் முழங்காலுக்கு எதிரே, சிறு கதவு போட்ட இரண்டு அறைகள். ஒன்றில் போகும் பயணத்துக்கான குளிர்ந்த உணவுத் தட்டு. மற்றொன்றில், அதே இருக்கையில் திரும்பி வரும் வேறொரு பயணிக்கான தட்டு. இரண்டையும் லூட்டனிலேயே நிரப்பிவிடுவார்கள். வெளிநாட்டு நிலையத்தில் உணவு ஏற்றும் செலவும் இல்லை, காத்திருக்கும் நேரமும் இல்லை. பணிப்பெண்கள் தட்டுகளைச் சுமந்து நடக்கவும் வேண்டியதில்லை.

திரும்பும் பயணிக்குரிய அறையைப் பூட்டி வைப்பது வழக்கம். பூட்டு என்று ஒன்று இருந்தால் அதைத் திறந்து பார்க்கும் விரலும் இருக்கும் அல்லவா? போகிறவர்கள் இரண்டு தட்டுகளையும் முடித்துவிட, மயோர்க்காவின் பால்மா நகரில் ஏறியவர்கள் கதவைத் திறந்து வெறும் ரொட்டித் துகளைக் கண்ட கதைகள், அந்த விமானங்களில் பறந்த பலருடைய நினைவில் இன்றும் உள்ளன.

கேள்வி: நீங்கள் அந்த விமானங்களை நேரில் பார்த்தவர் என்று தெரிகிறது. நம்மவர்கள் அவற்றில் போனார்களா? யார்தான் போனார்கள்?
(வாசகர், ஹாரோ)

பதில்: நான் 1972இல் படிக்க வந்தபோது லூட்டனில் குன்றின் சரிவில் இருந்த ஒரு வீட்டில் வாடகை அறையில் தங்கியிருந்தேன். சனிக்கிழமைகளில் துணி துவைத்து முடித்த பிறகு வேலியோரம் போய் நிற்பது எனக்குச் செலவில்லாத பொழுதுபோக்கு. அக்காலத்தில் இங்கிருந்த நம்மவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவரும் விடுமுறைக்கு மயோர்க்கா போகவில்லை. கையில் மிஞ்சியது ஊருக்குப் போகும்; பல ஆண்டுச் சேமிப்பில் ஒரு முறை விமானம் ஏறினால் அது அம்மாவைப் பார்க்க ஏறுவதாக இருக்கும். நாங்கள் பார்த்து மகிழ்ந்தவர்கள். அதில் எனக்குக் குறை எதுவும் தோன்றியதில்லை.

போனவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் வீட்டுக்கார அம்மையாரே அவர்களில் ஒருவர். லூட்டன் தொப்பித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அந்த ஊரின் காற்பந்து அணிக்கே 'தொப்பிக்காரர்கள்' என்றுதான் செல்லப்பெயர். அம்மையார் பதினைந்து வயது முதல் தொப்பிப் பட்டறையில் தையல் வேலை செய்தவர். இங்கிலாந்தைவிட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. 1966 முதல் 1970 தொடக்கம் வரை, வெளிநாடு செல்பவர் 50 பவுண்டுக்கு மேல் செலவுப் பணம் கொண்டுபோகக் கூடாது என்று அரசு விதித்திருந்த கட்டுப்பாட்டைச் சொல்லி, "அந்த ஐம்பதை நான் கண்ணாலேயே ஒருசேரக் கண்டதில்லை" என்பார். 1973 கோடையில் அவரும் கணவரும் முதன்முறையாகப் பேக்கேஜ் டூரில் மயோர்க்காவுக்குப் புறப்பட்டார்கள். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய உடை, கையுறை, அவரே தைத்த தொப்பி. தரிப்பிடத்தில் நின்றவற்றில் எது தமக்குரியது என்று தெரியாமல், "இளஞ்சிவப்பாக இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் எதுவாக இருந்தாலும் சரி" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். கடைசியில் ஆரஞ்சு விமானம்தான் வாய்த்தது. படிக்கட்டின் உச்சியில் நின்று திரும்பி, கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமலே கையசைத்தார்.

இரண்டு வாரம் கழித்து மூக்கின் தோல் உரிந்து, கையில் வைக்கோல் கழுதைப் பொம்மையும் தலையில் அகன்ற விளிம்புள்ள ஸ்பானியத் தொப்பியுமாகத் திரும்பிவந்தார். அந்தக் காலத்தில் ஸ்பெயினிலிருந்து திரும்பிய எல்லோர் கையிலும் இருந்த பொருள்கள் அவை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் செய்த காரியம் என் நினைவில் அப்படியே இருக்கிறது. தொப்பியைக் கழற்றி, விளிம்பைத் திருப்பி, தையலைக் கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "இரண்டு அங்குலத்துக்கு மூன்று தையல்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் வெயில் அசல்" என்றார். அந்தத் தொப்பி நான் வீடு மாறும் வரை கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது.

கேள்வி: 1983இல் நான் கட்டுநாயக்காவிலிருந்து ஏர் லங்காவின் ட்ரைஸ்டார் விமானத்தில் இலண்டன் வந்தேன். கோர்ட் லைனிடம் இருந்த ட்ரைஸ்டாரும் அதுவும் ஒன்றா?
(வாசகர், வெம்பிளி)

பதில்: ஒரே வகைதான், வாலுக்கு அடியில் மூன்றாவது என்ஜின் கொண்ட லாக்ஹீட் விமானம். நம்மில் ஒரு தலைமுறைக்கு அதன் ஓசை ஊரைவிட்டு வந்த நாளின் ஓசையாகவே காதில் தங்கிவிட்டது. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஐரோப்பாவில் இந்த வகையை முதன்முதலில் பறக்கவிட்ட நிறுவனம் கோர்ட் லைன் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1973இல் இரண்டு வந்தன. ஒன்று மஞ்சள்-ஆரஞ்சுச் சாயலில், மற்றொன்று இளஞ்சிவப்புச் சாயலில். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 இருக்கைகள். கோர்ட் லைன் வீழ்ந்தபின் அவ்விரண்டும் சில ஆண்டுகள் சும்மா நின்று, பிறகு ஹாங்காங்கின் கத்தே பசிபிக் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கேள்வி: இவ்வளவு கொண்டாடப்பட்ட நிறுவனம் எப்படி ஒரே நாளில் மறைந்தது? பயணிகள் கதி என்ன?
(வாசகர், டொராண்டோ)

பதில்: ஒரு நாளில் மூடப்பட்டது என்பது சரி, ஆனால் நோய் பழையது. கோர்ட் லைனின் இருக்கைகளில் பெரும்பகுதியை வாங்கியது கிளார்க்சன்ஸ் என்ற சுற்றுலா நிறுவனம். போட்டியாளர்களைவிட விலையைக் குறைத்துக் குறைத்துக் கூட்டத்தைச் சேர்த்த கிளார்க்சன்ஸ், கூட்டம் சேரச் சேர நட்டமும் சேர்த்துக்கொண்டது. அது மூழ்கினால் தன் இருக்கைகளை நிரப்ப ஆளில்லை என்று அஞ்சிய கோர்ட் லைன், 1973இல் அதைத் தானே எடுத்துக்கொண்டது. மூழ்குபவனைக் காப்பாற்றப் போனவன் கழுத்தை அவனே இறுக்கிப் பிடிப்பது போன்ற நிலை. அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. பீப்பாய் ஒன்றுக்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் விலை, 1974 தொடக்கத்துக்குள் 12 டாலரை நெருங்கியது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டம், மின்வெட்டு, தொழிற்சாலைகளுக்கு வாரம் மூன்று நாள் மட்டுமே மின்சாரம். அந்தக் குளிர்காலத்தில் யார் ஸ்பெயின் விடுமுறைக்கு முன்பணம் கட்டுவார்? ஒன்றுக்கு 400 பேர் ஏறினால்தான் கட்டுப்படியாகும் இரண்டு ட்ரைஸ்டார்கள் அப்போதுதான் வந்து நின்றிருந்தன.

அதே வேளையில் ஹொரைசன் என்ற சுற்றுலா நிறுவனமும் கோர்ட் லைன் கைக்கு வந்தது. அது சாதாரணப் பெயர் அன்று. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில், விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விமானப் பயணம், தங்குமிடம், உணவு எல்லாவற்றையும் சேர்த்துக் கோர்சிகா தீவின் கால்வி கடற்கரைக்குப் பயணிகளை ஒரு டக்கோட்டா விமானத்தில் அனுப்பினாரே, இன்றைய பேக்கேஜ் டூர் எல்லாவற்றுக்கும் முன்னோடி என்று சொல்லத்தக்க அந்தப் பயணத்தை நடத்தியது ஹொரைசன்தான். அதுவும் இந்தச் சுழலில் அகப்பட்டது.

1974 ஜூனில் கோர்ட் லைனின் கப்பல் கட்டும் தளங்களை அரசு ஏற்கப்போவதாகத் தொழில்துறை அமைச்சர் டோனி பென் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்த ஏற்பாட்டால் கோடை விடுமுறைகளுக்கும் ஆபத்து இல்லை என்ற பொருளில் அவர் கூறியதை நம்பிப் பலர் மீதிப் பணத்தையும் கட்டினார்கள். ஏழே வாரங்களில், ஆகஸ்ட் 15 அன்று, எல்லாம் நின்றது. ஆகஸ்ட் நடுப்பகுதி என்பது விடுமுறையின் உச்சம். பல்லாயிரக்கணக்கானோர் மத்தியதரைக் கடலோரத்தில் இருந்தார்கள். அவர்களைவிடப் பெருந்தொகையினர் பணம் கட்டிவிட்டுப் புறப்படும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களைச் சுற்றுலா நிறுவனங்கள் கட்டியிருந்த பிணைத்தொகையைக் கொண்டு பிற நிறுவன விமானங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தன. பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தொகை போதவில்லை. மக்களின் முறையீடுகளை ஆராய்ந்த நாடாளுமன்ற ஆணையர், அமைச்சரின் சொல் மக்களைத் தவறாக நம்பவைத்ததில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று 1975இல் கருத்துரைத்தார். அதே ஆண்டு, சுற்றுலா விலையில் ஒரு சிறு பங்கை எடுத்துச் சேர்க்கும் காப்பு நிதி சட்டத்தால் உருவாயிற்று. இன்று பிரிட்டனில் நீங்கள் பேக்கேஜ் டூர் வாங்கும்போது கையில் தரும் 'அட்டோல்' சான்றிதழ் தரும் பாதுகாப்பு இந்த வழியில் வளர்ந்துவந்ததுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் இருவர், அப்படியானால் அந்த நிறங்களே ஏமாற்று அல்லவா என்றும் எழுதியிருந்தார்கள். நான் உடன்படவில்லை. ஏமாற்றியது விலை. செலவுக்குக் கீழே விற்கப்பட்ட இருக்கையில் அமர்ந்து போனவர்களுக்காக, அடுத்த கோடையில் முன்பணம் கட்டியவர்கள் பணம் கொடுத்தார்கள். இருவரும் ஒரே தெருவில் வசித்த, ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த மக்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் நான் வேலியோரம் போனபோது அத்தனை நிறங்களும் என்ஜின்களுக்கு உறை மாட்டி ஓரமாக நின்றன. அவ்வளவு அருகில், அவ்வளவு நேரம் அவற்றை நின்று பார்க்கக் கிடைத்தது அன்றுதான். நான் விரைவிலேயே திரும்பிவிட்டேன்.

கேள்வி: லூட்டனை மட்டும் புகழ்கிறீர்கள். எங்கள் மான்செஸ்டருக்கு இப்படி ஒன்றும் இல்லையா?
(வாசகர், ஸ்டாக்போர்ட்)

பதில்: தாராளமாக உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிராந்திய விமான நிலையத்துக்கும் கோடையில் ஒரு திருவிழா இருந்தது. மான்செஸ்டரிலிருந்து 1987இல் புறப்பட்ட ஏர் 2000 என்ற விடுமுறை விமான நிறுவனம் உங்களுடையதுதான். லெஸ்டருக்கும் டார்பிக்கும் நடுவிலிருக்கும் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் நிலையத்துக்கு 1980இல் ஓரியன் ஏர்வேஸ் வந்தது. அதைத் தொடங்கியது, முன் பதிலில் நான் சொன்ன ஹொரைசனிலிருந்து முன்பே தனியாகப் பிரிந்து, அதனால் 1974இன் அழிவிலிருந்து தப்பிய மிட்லண்ட்ஸ் கிளை. டான்-ஏர் நிறுவனமோ நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய் ஆளேற்றியது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமான வகையான காமெட்டை மற்றவர்கள் கைவிட்ட பிறகும் வாங்கி வைத்துப் பறக்கவிட்டு, 1980 நவம்பரில்தான் ஓய்வு கொடுத்தது; 1992இல் அதுவே ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குக் கைமாறியது.

இவர்களுடைய விமானங்களுக்கு இடையே விருந்தாளிகளும் வந்து நிற்பார்கள்: ஸ்பெயினின் ஸ்பான்டாக்ஸ் நிறுவனத்தின் கொரோனாடோ ஜெட் விமானம், நான்கு என்ஜின்களிலிருந்தும் கரும்புகை கக்கிக்கொண்டு எழும்பும், யூகோஸ்லாவியாவின் அவியோஜெனெக்ஸும் பல்கேரியாவின் பால்கனும் சோவியத் நாட்டு டுப்போலெவ் விமானங்களில் வரும். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், கம்யூனிச நாட்டு விமானம் ஒன்றை ஒரு பள்ளிச் சிறுவன் இவ்வளவு அருகில் பார்க்கக் கிடைத்தது, பெற்றோர் மலிவு விலையில் கருங்கடல் கரைக்கு விடுமுறை போனதால்தான்.

கேள்வி: என் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய பெட்டியில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. பக்கம் பக்கமாக எழுத்துகள் மட்டும்: 'ஜி-பிஏஏஏ', 'ஈசி', 'ஒய்யு', 'எல்இசட்' என்று தொடங்கும் வரிசைகள், சிலவற்றின் அருகே சிவப்பு மையில் கோடு. அவர் 1970 முதல் 1976 வரை லூட்டனில் இருந்தார். இது என்ன கணக்கு?
(வாசகி, லூட்டன்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்கு அன்று, அம்மா; உங்கள் தந்தையார் விமானம் பார்த்தவர். ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அதற்கே உரிய பதிவெழுத்துகள் இருக்கும். வேலியோரம் நிற்பவர்கள் அவற்றைக் குறித்துக்கொள்வார்கள். முதலில் வருவது நாட்டின் குறி: 'ஜி' பிரிட்டன், 'ஈசி' ஸ்பெயின், 'ஒய்யு' யூகோஸ்லாவியா, 'எல்இசட்' பல்கேரியா. தாம் முதன்முறையாகப் பார்க்கும் விமானத்துக்கு நிற மையில் கோடு இடுவது பலருடைய வழக்கம். உங்கள் தந்தையாரின் சிவப்புக் கோடும் அதுவாகவே இருக்கலாம்.

'ஜி-பிஏஏஏ' என்பது கோர்ட் லைனின் முதல் ட்ரைஸ்டாரின் பதிவெழுத்து. அந்த விமானம் கோர்ட் லைன் கொடியில் பறந்தது 1973 வசந்தத்துக்கும் 1974 ஆகஸ்ட் 15க்கும் இடைப்பட்ட காலத்தில்தான். எனவே அந்தப் பக்கத்தில் தேதி இல்லாவிட்டாலும், அவர் அதை எழுதிய கோடை ஏறத்தாழ எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த பக்கங்களில் 'ஜி-பிஏஏபி' இருக்கிறதா என்று பாருங்கள். அது அதன் இணை. இரண்டின் அருகிலும் நிறம் ஏதேனும் எழுதியிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்த ஆண்டுகளில் சனிக்கிழமை மதியங்களில் அதே வேலியோரம் நானும் நின்றிருக்கிறேன். கழுத்தில் தொலைநோக்கியும் கையில் சிறிய நோட்டுமாக நின்றவர்களில் நம்மவர் ஒருவரும் இருந்தார், பேசிக்கொண்டதில்லை, தலையசைத்திருக்கிறோம். உங்கள் தந்தையார் சாம்பல் நிறக் கம்பளி மேலங்கி அணிவாரா?